அரிசிக் கிடங்கின் கதவருகே உன் அப்பா போனது எதற்கு

தம்பி,

நீ தோட்டத்தை விட்டுப் போன அன்று, கேட்டுக்கு வெளியே, லோரி கிளம்பும் முன், நீ என்னிடம் கேட்டாய்: "சின்னம்மா, அப்பா எதுக்குப் போனாரு? உங்களுக்காவது தெரியுமா?" நான் "தெரியலப்பா" என்றேன். எனக்குத் தெரியும். உன் அப்பா அரிசி எடுக்கப் போகவில்லை. காட்டில் இருப்பவர்களுக்கு எதையும் கொடுக்கப் போகவில்லை. நீ மாட்டிய மணியை ஊமையாக்கவும் போகவில்லை. கதவு தளர்ந்து ஆடியதால் அந்த மணி வீணாக அடித்துக்கொண்டிருந்தது. கதவுக்கும் மணியின் பொத்தானுக்கும் நடுவில் ஒரு துண்டு ரப்பர் வைத்து அதைச் சரி செய்யப் போனார். உன்மேல் பழி வந்துவிடக் கூடாது என்று போனார். இதைத்தான் அன்று நான் உன்னிடம் சொல்லவில்லை.

உனக்கு எங்கே எழுதுவது என்று தெரியாததால் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தாளை நீ விட்டதே இல்லை. கோல சிலாங்கூர் போகிற எவரிடமாவது சொல்லிவைத்து எனக்கும் சேர்த்து வாங்கி வரச் செய்வாய். இப்போதும் எங்கேயோ ஒரு கடை வாசலில் உட்கார்ந்து வாசிக்கிறாய் என்று நம்புகிறேன். உன் பெயரையும் என் பெயரையும் நம் தோட்டத்தின் பெயரையும் போடவில்லை. அண்டை வீட்டுக்காரர்களிடம்கூட நம் வீட்டுச் சங்கதி பேசாதவள் நான் என்பது உனக்குத் தெரியும். ஊரே வாசிக்கிற தாளில் இதையெல்லாம் எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் உன்னைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பாகான் நக்கோடா ஓமாரில் மீன் படகுகளுக்குப் பேட்டரி விளக்குப் போடுகிறாய் என்று ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தால் அது வேறு யாரோ. பிறகு அம்பாங் பெச்சாவிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த ஓர் அம்மாள் உன்னைப் பற்றிச் சொன்னார். அவர் வீட்டுக்கு வயர் இழுத்துக் கொடுத்தாயாம். "வேல சுத்தமா செய்யுது அந்தப் புள்ள. அப்பா பேரு கேட்டா மட்டும் வாயத் தெறக்க மாட்டேங்குது. செத்துட்டாராப்பான்னு கேட்டேன். 'எனக்கு அப்பாவே இல்ல'ன்னு சொல்லிட்டு ஏணிய எடுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்றார். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் நீ அங்கிருந்தும் கிளம்பிவிட்டாய். உன் அப்பா இல்லாமல் போனதை நான் எப்படியோ தாங்கிக்கொண்டிருக்கிறேன். அவர் இருந்ததே இல்லை என்று நீ சொல்லித் திரிவதைத் தாங்க முடியவில்லை.

நான் உங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது நீ பள்ளிக்கூடத்துப் பையன். உனக்கும் எனக்கும் பத்து வயதுகூட வித்தியாசம் இல்லை. உன் அம்மாவின் படத்துக்குக் கீழே என் புத்தகப் பெட்டியை வைத்தேன். மறுநாள் அது அடுப்படிக்கு நகர்ந்திருந்தது. நான் மறுபடி கொண்டுவந்து வைக்கவில்லை. நீயும் அது பற்றிப் பேசவில்லை. உபதேசியார் மகளான எனக்கு என் தகப்பனார் கொடுத்த சீதனம் அந்தப் புத்தகங்கள்தாம். ஒருநாள் அடுப்படி வாசலில் நின்று கேட்டாய்: "இதெல்லாம் படிச்சிட்டீங்களா?" "படிச்சிட்டேன்." "அப்புறம் எதுக்கு வச்சிருக்கீங்க?" உன் அப்பா உள்ளேயிருந்து சிரித்தார். "இவன்கிட்ட மாட்டிக்கிட்டியா? நம்மகிட்ட இருக்கிற ரெண்டு கோழியத் தவிர எதுக்கும் காரணம் கேப்பான் இவன்." அதுதான் நீயும் நானும் பேசிய முதல் பேச்சு. என்னை நீ ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே வெகு நாள் போயிற்று. முற்றத்தில் நின்று இருமுவாய். நான் வெளியே வர வேண்டும்.

சின்னம்மா என்று நீ முதலில் கூப்பிட்டது எப்போது என்று உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. அப்போது நீ தோட்டத்துக்குக் கரண்டு கொடுக்கும் இன்ஜின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். துரை பங்களாவில் ஏதோ விளக்கு எரியவில்லை என்று உன்னை அனுப்பினார்கள். ஓடி வந்தாய். "சின்னம்மா! தொரை வீட்டுல உடுப்புக்கு லைட்டு லா! அலமாரிக் கதவத் தெறந்தா எரியுது, சாத்துனா அணைஞ்சிருது." உன் அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சாத்துனப்புறம் அணைஞ்சிச்சுன்னு உள்ள போயா பாத்த?" என்றார். நீ முறைத்தாய். "கதவு நெலையில ஒரு பொத்தான் இருக்கு. அத வெரலால அமுக்கிப் பாத்தேன், அணைஞ்சிச்சு. போதுமா?" "போதுமய்யா, போதும். கோவணத்துக்கு விளக்கு வச்சிருக்கிறவன் வீட்டுல நீ பொத்தான் அமுக்கப் போயிருக்க. பெரிய ஆளுதான்." அன்று முழுவதும் அவர் அதையே சொல்லிச் சிரித்தார். நீ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தாய். ஆனால் சின்னம்மா என்று கூப்பிட்டுவிட்டாய். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

அதே வாரம், நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், என் புத்தகங்களுக்குப் பலகைப் பெட்டியில் ஒரு சின்ன அலமாரி செய்து வைத்திருந்தாய். நான் கதவைத் திறந்ததும் உள்ளே ஒரு டார்ச் பல்பு எரிந்தது. எப்படி என்று கேட்டேன். குனிந்து காட்டினாய். கதவு வந்து மோதும் இடத்தில், நிலைச் சட்டத்தில் ஒரு துளை. அதற்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு பொத்தான். கதவு சாத்தியிருந்தால் பொத்தான் உள்ளே அமுங்கியிருக்கும், உள்ளிருக்கும் இரண்டு தகடுகளும் விலகி நிற்கும். திறந்தால் பொத்தான் வெளியே துள்ளும், தகடுகள் ஒன்றையொன்று தொடும், விளக்கு எரியும். பெரிய கரண்டு வேண்டாம், டார்ச் பேட்டரி போதும், தொட்டால் அடிக்காது என்றாய். பொத்தானைச் சீப்புப் பல்லில் செய்திருந்தாய், ஸ்பிரிங்கைப் பேனாவிலிருந்து எடுத்திருந்தாய். "இன்ஜின நிறுத்துனப்புறம் இருட்டுல புத்தகத்தத் தடவிக்கிட்டு இருக்கீங்கல்ல, அதான்" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய். எத்தனையோ புத்தகம் வாசித்தவள்தான் நான். அன்று உன்னிடம் "நல்லா இருக்கு" என்றதற்கு மேல் ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. மனத்தில் இருப்பதை வாயால் சொல்லாத பழக்கம் எனக்கு அன்றைக்கே இருந்தது, தம்பி. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவசரகாலம் வந்த பிறகு நம் வாழ்க்கை எப்படி மாறியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை வேறு பலரும் வாசிப்பார்கள். சிதறிக் கிடந்த லயங்களை, நம் வீட்டு வரிசைகளை, ஒன்றாகக் கொண்டுவந்து முள்கம்பி வேலி போட்டார்கள். வெள்ளைக்கார சர்க்காரை எதிர்த்துக் காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று வீட்டில் அரிசி வைக்கத் தடை வந்தது. அரிசியெல்லாம் வேலிக்குள் ஒரு கிடங்கில். பொதுவாகச் சமைத்துத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். வரிசையில் நின்று வாங்கினோம். காலையில் ரப்பர்ப் பால் வெட்டப் போகும் பெண்களின் தூக்குச் சட்டிகளைக் கேட்டில் திறந்து பார்த்தார்கள். ஒரு பிடி அரிசி வெளியே போனால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். எங்கே, எத்தனை நாளைக்கு என்று கேட்க முடியாது.

அந்தக் கிடங்குக்கு மணி வைக்க முடியுமா என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி உன்னிடம்தான் கேட்டார். கதவு திறந்தால் கேட்டில் இருக்கும் தோட்டக் காவல்காரர்களின் குடிலில் மணி அடிக்க வேண்டும். இரவில் இன்ஜின் நின்ற பிறகும் அடிக்க வேண்டும். அதனால் பேட்டரியில் ஓட வேண்டும். "முடியும் ஐயா" என்று உடனே சொல்லிவிட்டாய். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக் கொட்டகையில் தன்னோடு வேலை செய்கிறவர்களிடமெல்லாம், "தொரை வீட்டுல உடுப்புக்கு வச்சிருக்காங்கல்ல, அதே சாமான்தான். எம்மவன் அரிசிக்கு வைக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நீ நிலையைத் துளைத்தபோது அவர் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்து, வேலை வாங்கும் மண்டோரிடம் திட்டு வாங்கினார். பலகை போதாத காலம் அது. கிடங்கையும் அவசரத்தில் கட்டியிருந்தார்கள். கதவுக்குப் போட்டது வெட்டிய ஈரம் காயாத பலகை. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. மணியை முதலில் அடித்துக் காட்டிய அன்று துரையே வந்து கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு உன் தோளில் தட்டினார். நம் வீட்டில் அன்று நல்ல நாள்.

பிறகு வெயில் காலம் வந்தது. அந்த வருஷத்துப் பங்குனி உனக்கு நினைவிருக்கும். பால் மரமெல்லாம் இலை உதிர்த்து நின்றது. பலகை காய்ந்து சுருங்கியது. பூட்டு பூட்டியிருந்தாலும் கொண்டியில் இருந்த தளர்ச்சியில் கதவு காற்றுக்கு முன்னும் பின்னும் ஆடியது. பொத்தான் வெளியே வரும், மணி அடிக்கும். ஓடிவந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். மத்தியானம் அடித்தது, சாயங்காலம் அடித்தது, ஒரு தடவை பாதிரியார் பூசை வைத்துக்கொண்டிருக்கும்போது அடித்தது. கோழிக் குழம்பு வாசம் வரும் வீட்டைக் கண்டால் நிற்கும் அந்தத் தடித்த காவல்காரர் நம் வாசலில் நின்றே சத்தம் போட்டார்: "உங்க மவன் மணி வச்சானா, கோயில் கட்டுனானா? தீவாராதனைக்கு நேரமாச்சுன்னு அதுவா அடிக்குதே!" கடைசியில் காவல்காரர்கள் மணி அடித்தால் கையிலிருந்த சீட்டைக்கூடக் கீழே வைக்காமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் தூங்கவில்லை. ஸ்பிரிங்கை மாற்றினாய், தகடுகளைத் தேய்த்தாய், பேட்டரியை மாற்றினாய். குற்றம் நீ செய்த பொருளில்தான் இருக்கும் என்று நினைத்தாய். நல்ல வேலைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள் போலிருக்கிறது.

அப்போதுதான் கிராணி உன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அதை அவர் உன்னிடம் சொல்லவில்லை. "இந்தா பாரு, ஆபீஸ்ல வேற மாதிரிப் பேசுறாங்க. உன் மவன் வேணும்னே அடிக்க விடுறான், மணி அடிச்சா யாரும் எந்திரிக்காம இருக்கணும்னு காட்டுக்காரன் சொல்லிக் குடுத்திருக்கான்னு சொல்றாங்க. இப்படியே இன்னும் ரெண்டு நாளு சும்மா அடிச்சிச்சுன்னா, போலீஸு வந்து பையனக் கூட்டிட்டுப் போயிரும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது." உன் அப்பா வீட்டுக்கு வந்து வெகு நேரம் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் சொன்னார். நானும் பயந்துபோனேன். பக்கத்துத் தோட்டத்தில் இதைவிடச் சின்னக் காரியத்துக்குக் கொண்டுபோன ஒரு பையன் திரும்பி வரவே இல்லை.

மறுநாள் சோற்று வரிசையில் நின்றபோது கிடங்குக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று வந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வெளிச்சக் கோடு ஒன்று தெரிந்து மறைந்தது. உடனே மணி அடித்தது. வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் சொன்னேன், "சுவிட்சு நல்லாத்தாங்க இருக்கு. கதவுதான் ஆடுது." அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. "நான் சொல்லல? எம்மவன் செஞ்ச வேலையில கொறை இருக்குமா? அந்தக் கதவு சனியன்தான்!" புகைக் கொட்டகைக் கதவு காய்ந்து ஆடினால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பது உனக்குத் தெரியும்: ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை வெட்டி விளிம்பில் அடித்துவிடுவார்கள். நம்மிடம் எது ஒழுகினாலும், ஆடினாலும், கிழிந்தாலும் வைத்தியம் அது ஒன்றுதானே. செருப்புக்கும் ரப்பர், தொட்டிலுக்கும் ரப்பர், கூரைக்கும் ரப்பர். கதவின் உள்பக்கத்தில், பொத்தான் படும் இடத்தில் ஒரு துண்டு வைத்துவிட்டால் கதவு கொஞ்சம் ஆடினாலும் பொத்தான் அமுங்கியே இருக்கும். நிஜமாகவே திறந்தால் மட்டும் அடிக்கும்.

"தம்பிகிட்டச் சொல்லுங்க, அவனே வச்சிரட்டும்" என்றேன். "வேணாம்" என்றார். "பகல்ல அவன் போயி நோண்டுனா, பாத்தியா பாத்தியான்னு நாலு பேரு கூடுவான். அவன் தப்பாத்தான் செஞ்சிருக்கான்னு ஆயிரும். அவனுக்கும் மனசு விட்டுரும், ரெண்டு வாரமா தூங்கல அவன். நான் சத்தமில்லாம வச்சிட்டு வந்துர்றேன். நாளையிலருந்து அடிக்காது. அவன் ஸ்பிரிங்கு மாத்துனதுனாலதான் சரியாச்சுன்னு நெனச்சுக்கட்டும். நீ வாயத் தெறக்காத." நான் திறக்கவில்லை. அவருக்கு வாக்குக் கொடுத்தேன். நம் வீட்டில் அவர் எனக்குக் கொடுத்த கடைசி வேலை அது. நல்லபடியாகச் செய்து முடித்தேன்.

அன்று சாயங்காலம் நீ இன்ஜினைக் கிளப்பப் போயிருந்தாய். அவர் குளித்துவிட்டு வந்தார். ஷீட்டில் வெட்டிய துண்டையும் சின்ன ஆணிகளையும் மடியில் கட்டிக்கொண்டார். "ஊரடங்கு நேரமாவுதுங்க" என்றேன். "இன்னும் சங்கு ஊதல லா. இந்தா வந்துர்றேன். சட்டியில எனக்கு வச்சிருக்கிற மீன அவனுக்குப் போட்டுறாத" என்று சொல்லிக்கொண்டே போனார். மணி அடித்தால்கூட யாரும் எழுந்து வர மாட்டார்கள் என்பதுதான் அவருடைய கணக்கு. ஆனால் அன்று காலையில்தான் பழைய காவல்காரர்களை மாற்றிப் புது ஆட்களைக் கொண்டுவந்திருந்தார்கள். மணி விஷயம் மேலிடம் வரை போயிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. சங்கு ஊதியது. அது அடங்கும் முன் மணி அடித்தது. ரப்பரைச் சொருக அவர் கதவைக் கொண்டி விடுகிற அளவுக்கு வெளியே இழுத்திருக்கிறார். யாரோ சத்தம் போட்டது கேட்டது. பிறகு வெடி.

சுட்டவனுக்கு உன் வயதுதான் இருக்கும். நான் ஓடிப்போனபோது துப்பாக்கியை மண்ணில் போட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தான். நிற்கச் சொன்னேன், நிற்கச் சொன்னேன் என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னான். உன் அப்பாவுக்குச் சங்குச் சத்தத்தில் அது கேட்டிருக்காது. அந்தப் பையன்மேல் எனக்கு ஆத்திரம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் அழுதான். நீ அழவில்லை. நீ இன்ஜின் வீட்டிலிருந்து எண்ணெய்க் கையோடு ஓடிவந்து, அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கையில் இருந்ததைப் பார்த்தாய்.

மறுநாள் ஆபீஸ் வராந்தாவில் அந்த ரப்பர்த் துண்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போலீஸ் அதிகாரி உன்னைக் கேட்டார். கிராணி தமிழில் சொன்னார்: "இத அந்தப் பொத்தான்மேல வச்சா என்ன ஆவும்?" நீ அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாய். பிறகு, "பொத்தான் அமுங்கியே இருக்கும் ஐயா. மணி அடிக்காது" என்றாய். அது உண்மை. நீ பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டது. மணியை ஊமையாக்கி அரிசி எடுத்துக் காட்டுக்குக் கொடுக்க வந்தவன் என்று எழுதிக்கொண்டார்கள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. அவரிடம் சாவி இல்லை, சாக்கு இல்லை. அதை யாரும் எடுத்துப் பேசவில்லை. பெண்களோடு பின்னால் நின்றிருந்த நானும் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்று இத்தனை மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கதவு ஆடியது, மணி வீணாக அடித்தது, அதைச் சரி செய்யப் போனார் என்று நான் சொன்னால், அடிக்க விட்டது யார் என்று உன் பக்கம் திரும்புவார்கள். கிராணி சொன்னது என் காதில் இருந்தது. ஒருவரை மண்ணில் வைக்கப்போகிற நேரத்தில் இன்னொருவரையும் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அது ஒரு காரணம். மற்றது உன் முகம். அதில் கோபம் இருந்தது. கோபம் இருக்கிறவன் சாப்பிடுவான், வேலைக்குப் போவான், பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். உனக்காகத்தான் போனார், நீ வைத்த மணிதான் அவரைக் காட்டிக்கொடுத்தது என்று சொன்னால் அந்தக் கோபத்தை நீ எங்கே கொண்டுபோய் வைப்பாய்? உன்னையே நீ வெறுப்பதைவிட அவரை நீ வெறுப்பது மேல் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். பெற்றவளாக இருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேனோ என்று சில நாள் தோன்றும். பெற்றவளும் இதைத்தான் செய்திருப்பாள் என்று சில நாள் தோன்றும். கல்லறைக்கு நாலு பேர்தான் வந்தார்கள். நீ ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

போன மாதம் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதிகாரி மாறியிருந்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இத ஏன் அப்பவே சொல்லல?" என்றார். "எனக்கு ஒரு மவன் இருக்கான் ஐயா" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். என்ன எழுதிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. இனி உன்னைத் தேடி யாரும் வர மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

உனக்குப் புத்தி சொல்கிற வயது எனக்கு இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருந்து கெட்டது போதும். ஒரு பொருளைப் பார்த்து அது எதற்கு என்று சொல்லும் முன், அது யார் கையில் இருந்தது என்று யோசி. அந்தக் கை உன்னை எப்படி வளர்த்தது என்று யோசி. அதிகாரிக்கு அது தெரியாது, உனக்குத் தெரியும். அப்புறம், நீ செய்த சுவிட்ச் நல்ல சுவிட்ச். கதவு திறந்தால் மணி அடிக்க வேண்டும், அது அடித்தது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அதைச் செய்ததற்காக உன் கையை நீ வெறுக்காதே. வேலையை விடாதே. வேளைக்குச் சாப்பிடு, கோபம் வந்தால் பட்டினி கிடக்கிற பழக்கத்தை விடு. யாராவது பெண் கொடுக்க வந்தால், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். சின்னம்மா இருக்கிறார் என்று சொல்ல உனக்கு விருப்பம் இல்லையென்றால் சொல்ல வேண்டாம். இதை வாசித்துவிட்டு நீ என்னிடம் வரவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும், அடுத்த தடவை யாராவது உன் அப்பா பெயரைக் கேட்டால் அதைச் சொல். சத்தமாகச் சொல். எனக்கு அது போதும்.

அன்று லோரி திருப்பத்தில் மறைகிற வரை நின்றேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்தேன். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கிடங்குக் கதவின் பலகை ஊறி, நிலையோடு இறுகிவிட்டது. காலையில் அதைத் திறக்க இரண்டு ஆள் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்த மணி ஒரு தடவைகூட வீணாக அடிக்கவில்லை.